இதயத்தின் இடது கீழறைச் சுவர் மட்டும் ஏன் தடிமனாக இருக்கிறது?

இரண்டு கீழறைகளும் ஒரே அளவு ரத்தத்தைத்தானே தள்ளுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, அளவு ஒன்றுதான், எதிர்ப்புதான் வேறு. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸில் அடிவாரம் வரைக்கும், பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அதே பயணிகள்தான். எஞ்சின் திணறுவது மேட்டில்தான்.

வலது கீழறைக்கு இலக்கு, பக்கத்திலேயே இருக்கும் நுரையீரல்தான். சுமார் 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் போதும். இடது கீழறையோ மகாதமனி என்ற பெரிய ரத்தக்குழாய் வழியாக உச்சந்தலை முதல் கால்விரல் வரை அனுப்பியாக வேண்டும். அதற்குச் சுமார் 120 வேண்டும். அதனால்தான் வலது சுவர் 3 முதல் 5 மி.மீ., இடது சுவரோ ஏறக்குறைய 10 மி.மீ. மேலறைகளுக்கு மெல்லிய சுவரே போதும்.

பிறந்த குழந்தைக்கு இவ்வளவு வித்தியாசம் இருக்காது என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. மூச்சு விடத் தொடங்கியபின் நுரையீரல் ரத்தக்குழாய்களின் எதிர்ப்பு குறைகிறது. வலப்பக்கச் சுமை இறங்குகிறது, இடது சுவர் தடிக்கிறது.