ரெக்கீலாவுக்கு மேல சிவப்பு வைனை மிதக்க விடுறது எப்பிடி? கேளுங்கோ, சொல்லுறன்

போன கிழமை நான் போட்ட டெவிள்ஸ் மார்கரீட்டா படத்தைப் பாத்திட்டு கனபேர் கேட்டிருக்கிறியள், கீழ வெளிறின பச்சை மேல கடுஞ்சிவப்பு எண்டு ரெண்டு நிறமா நிக்கிற அந்தக் கிளாஸ். ரெக்கீலா எண்ட மெக்சிக்கோ மதுவில தேசிக்காய்ப்புளியும் பாகும் கலந்து, மேல சிவப்பு வைன் விடுற குடிவகை அது. நான் பதினொரு வருசம் கொழும்பில ஒரு ஹொட்டேல் பாரில நிண்டனான், இப்ப ஊரோட வந்திட்டன், தெரிஞ்சதைச் சொல்லுறன். 21 வயசு ஆகாத ஆக்களுக்கு இது இல்லை.

கோண்டாவில் தம்பி: அண்ணை, அளவு சொல்லுங்கோ. வீட்டில அளக்கிற சாமான் ஒண்டும் இல்லை.

மேசைக்கரண்டி காணும் தம்பி, ஒண்டு 15 மில்லி. ரெக்கீலா மூண்டு கரண்டி, அப்ப பிழிஞ்ச தேசிக்காய்ப்புளி ஒண்டரை, சீனிப்பாகு ஒண்டரைக்குக் கொஞ்சம் குறைய. பாகு எண்டா ஒரு கோப்பை சீனிக்கு ஒரு கோப்பை தண்ணி, சூடாக்கிக் கரைச்சு வடிவா ஆறவிட்டது. ஷேக்கர் இல்லாட்டி மூடி இறுக்கமான ஜாம் போத்தலுக்குள்ள ஐஸ் நிறையப் போட்டு கை விறைக்கும் வரைக்கும் குலுக்கி, புது ஐஸ் போட்ட கிளாஸுக்குள்ள வடியுங்கோ. மேல வைன் ஒரு கரண்டி, கூடினா ஒண்டரை. போத்தலில வாற தேசிக்காய்ச் சாறு மட்டும் தயவுசெய்து வேண்டாம், எங்கட முத்தத்தில காய்க்கிற தேசிக்காய்க்குக் கிட்டவும் வராது.

சாவகச்சேரி அக்கா: ரெண்டு தரம் செய்து பாத்தன் தம்பி, வைன் நேர அடிக்குப் போய் எல்லாம் கலங்கிப்போச்சு. சீனி கூடாதெண்டு பாகு மட்டும் போடேல்லை, மற்றதெல்லாம் நீங்கள் சொன்ன மாதிரித்தான்.

அக்கா, பிழை அந்தப் பாகிலதான் கிடக்கு. கன பேர் பாகை இனிப்புக்கு எண்டு மட்டும் நினைக்கினம், உண்மையில வைனைத் தூக்கி வைச்சிருக்கிறதே அந்தச் சீனிதான். இனிப்பில்லாத சிவப்பு வைன் ஒரு லீற்றர் 990 கிராம் மட்டில நிக்கும், தண்ணியை விடக் கொஞ்சம் லேசு. நான் சொன்ன அளவில பாகு போட்டுக் குலுக்கினா, ஐஸ் கரைஞ்ச தண்ணியும் சேர்ந்து கீழ இருக்கிறது லீற்றருக்கு 1020 கிராமுக்கு மேல வரும், அப்ப வைன் மேல நிக்கும். பாகை எடுத்துவிட்டா ரெக்கீலாவில இருக்கிற அற்ககோல் முழுக்கலவையையும் லேசாக்கிப்போடும், வைனை விடவும் லேசாப் போயிடும், பிறகு நீங்கள் எவ்வளவு மெல்லமா ஊத்தினாலும் அது தாழத்தான் செய்யும். சீனிக்குப் பதிலா போடுற இனிப்புத் துளியள், குளிசையளுக்கும் பாரம் இல்லை, அதுகளாலயும் ஏலாது. சீனி வருத்தம் இருந்தா இந்தக் குடிவகையே வேண்டாம் அக்கா, முதல்ல டொக்டரைக் கேளுங்கோ.

ஊத்தேக்க கரண்டியைக் கவிழ்த்து ஐஸுக்கு மேல ஒட்டினாப்போல பிடிச்சு, அதின்ர முதுகில நூல் மாதிரி விடுங்கோ. ஐஸ் கிளாஸின்ர வாய்மட்டும் இருந்தா வைன் விழுற உயரம் குறையும்.

கரவெட்டி அண்ணா: நத்தாருக்கு வீட்டில செய்த முந்திரிகை வைன் கிடக்கு, அதை ஊத்தலாமோ?

குடிக்க நல்லா இருக்கும் அண்ணை, ஆனா மிதக்காது. எங்கட வீட்டு வைனுக்கு சீனி அள்ளிப் போடுறது, அது பாரமாகி அடிக்குப் போகும். ரெக்கீலா சன்ரைஸில மாதுளை சிரப் அடியில போய் நிக்கிறதும் இதே காரணம்தான். கடையில வாங்கிறதெண்டா இனிப்பில்லாத மெர்லோ, இல்லாட்டி ஷிராஸ். கூடக் கயர்க்கிற வைன் தேசிக்காயோட சேர்ந்தா நாக்கு வறண்டுபோகும், எனக்கு அது பிடிக்காது. மிஞ்சின போத்தலை இறுக்கி மூடி ஃபிரிட்ஜில வைச்சு மூண்டு நாலு நாளுக்குள்ள முடியுங்கோ.

நல்லூர் தங்கச்சி: நான் மது குடிக்கிறேல்லை, ஆனா அந்த ரெண்டு நிறம் ஆசையாக் கிடக்கு. நெல்லி கிரஷ் ஊத்தினா வருமோ?

கிரஷ் முழுக்கச் சீனி தங்கச்சி, தாண்டுபோகும். செவ்வரத்தம்பூ இதழை சுடுதண்ணியில ஊறவிட்டு வடிச்சு, சீனி ஒரு துளியும் போடாமல் நல்லாக் குளிரவையுங்கோ. கீழ இனிப்புக் கூடின தேசிக்காய்த் தண்ணி, மேல இதைக் கரண்டியில விடுங்கோ. ஊறவைச்ச தண்ணி கருநாவலாத்தான் இருக்கும், பயப்பிடாதேங்கோ, புளி படுற இடத்தில சிவப்பாகி வரும், அதைப் பாக்கிறதே ஒரு சந்தோசம். உண்மையைச் சொன்னா வைனை விட இதுதான் எனக்கு வடிவு.

ரொரன்ரோ அண்ணா: ரெக்கீலா கள்ளிச்செடியில வடிக்கிறதோ? இஞ்ச கடையில நூறு விதம் கிடக்கு, எதை வாங்க?

கள்ளி இல்லை அண்ணை, நீல அகாவே. பாத்தா எங்கட ஆனைக்கற்றாழை மாதிரி, அதின்ர இனம்தான். மெக்சிக்கோவில, முக்கியமா ஹலிஸ்கோ மாநிலத்தில விளையிறது. ஆறேழு வருசம் வளத்து, மடலெல்லாத்தையும் வெட்டி எறிஞ்சு, நடுக்குருத்தை அவிச்சுப் பிழிஞ்சு புளிக்கவைச்சு வடிப்பினம். பனை எண்டா வருசாவருசம் சீவலாம், அகாவே ஒருக்கா வெட்டினா அந்தச் செடி முடிஞ்சுது, அதாலதான் விலையும். லேபிளில 100% அகாவே எண்டு இருக்கோணும், இல்லாட்டி பாதிக்குக் கிட்ட வேற சீனியில வடிச்சதா இருக்கலாம். இந்தக் கிளாஸுக்கு மரப்பீப்பாயில வைக்காத பிளாங்கோ காணும், வருசக்கணக்கா வைச்ச அன்யேஹோவை இதுக்குள்ள ஊத்திப் பழுதாக்காதேங்கோ.

பருத்தித்துறை தம்பி: ரெக்கீலா விலை கட்டாது அண்ணை. எங்கட பனஞ்சாராயத்தில செய்யலாமோ?

தாராளமா. விஸ்கியும் தேசிக்காய்ப்புளியும் கலந்து மேல இதே மாதிரி வைன் விடுற நியூயோர்க் சவர் எண்ட குடிவகைதான் இதுக்கு மூத்தது, அப்ப சாராயத்துக்கும் தடை இல்லை. பனைக்கு மணம் கூட எண்டபடியா ரெண்டரைக் கரண்டியோட நில்லுங்கோ. சீனிப்பாகுக்குப் பதில் பனங்கட்டிப் பாகு போட்டா உருசை ஒண்டுக்கு ரெண்டாகும், கீழ் நிறம் மட்டும் தேத்தண்ணி மாதிரி வரும், வைன் அப்பவும் மேலதான் நிக்கும். ஸ்ட்ரோ போடாதேங்கோ, கலக்கவும் வேண்டாம். விளிம்பில வாய் வைச்சுக் குடிச்சா முதல்ல வைன் வரும், பின்னால புளியும் பனையும் வரும்.