காதில் சொட்டு மருந்து விட்டதும் அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது, மருந்தை நிறுத்திவிடலாமா?

அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் குப்பியை வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். குளிர்பதனப் பெட்டியில் என்றால், தலைச்சுற்றலுக்குக் காரணம் பெரும்பாலும் மருந்தின் வீரியமல்ல, அதன் குளிர்ச்சிதான்.

என் மாமியாருக்குக் காதுக் குழாயில் கிருமித்தொற்று ஏற்பட்டபோது, எங்கள் பேட்டையிலுள்ள மருந்தகம் ஒன்றில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். 25 டிகிரிக்குக் கீழே வைக்குமாறு குப்பியில் அச்சிட்டிருந்தது. சிங்கப்பூரின் தோ பாயோவில், குளிரூட்டி ஓடாத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குளிர்பதனப் பெட்டியை விட்டால் அந்தக் குளிர்ச்சிக்கு வேறு இடம் ஏது? அன்றிரவு மருந்து உள்ளே இறங்கியதுமே அவர் மெத்தையின் விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, "வீடே சுத்துதும்மா" என்று கண்களை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது கருவிழிகள் ஒரு பக்கமாகவே வெட்டி வெட்டி இழுத்தன. "மருந்து ரொம்ப வீரியம், நிறுத்திடுங்க அண்ணி, பூண்டு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி ஊத்தலாம்" என்றார் நாத்தனார். நான் மறுத்துவிட்டேன். மறுநாள் மருந்தாளர் கேட்டது ஒரே கேள்வி: பெட்டியிலிருந்து எடுத்தவுடன் விட்டீர்களா?

உடல் வெப்பத்தைவிடக் குளிர்ந்த திரவம் காதுக்குள் போனால், உட்செவியில் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழாயிலுள்ள நீர் நகர்ந்து, அசையாத தலை சுழல்வதாக மூளை எண்ணிக்கொள்கிறது. காதைக் கழுவும் நீரின் சூட்டுக்கேற்ப நோயாளிகளுக்குத் தலை சுற்றுவதைக் கவனித்து இதை ஆராய்ந்த வியன்னா மருத்துவர் ராபர்ட் பாரானிக்கு 1914ஆம் ஆண்டின் நோபெல் பரிசு கிடைத்தது.

ஆகவே குப்பியைச் சில நிமிடங்கள் உள்ளங்கைக்குள் மூடி வைத்திருங்கள். வெந்நீரிலோ மைக்ரோவேவிலோ சூடாக்க வேண்டாம், சூடு மிகுந்தாலும் தலை சுற்றும், காதும் வெந்துபோகும். அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, காது மடலை மேலும் பின்னும் இழுத்தால் வளைந்த குழாய் நேராகும் (சிறு குழந்தைக்குக் கீழும் பின்னும் இழுக்க வேண்டும்). குப்பியின் முனை காதில் படாமல் துளிகளை விட்டு, காதுத் துளைக்கு முன்னாலுள்ள சிறு மடிப்பைச் சில முறை அழுத்திவிடுங்கள். மருந்து அடிவரை இறங்க உதவுவது அதுதான். ஐந்து நிமிடமாவது அப்படியே படுத்திருந்து மெதுவாக எழட்டும். நாங்கள் இப்படி விடத் தொடங்கிய பிறகு மாமியாருக்கு ஒருமுறைகூடத் தலை சுற்றவில்லை.

என் மனத்தாங்கலையும் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ் முரசை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கும் என் மாமியாரால், ஆங்கிலத்தில் மட்டும் பொடி எழுத்தில் இருந்த அந்த ஒட்டுச்சீட்டில் தம் பெயரைத் தவிர வேறொன்றையும் படிக்க முடியவில்லை. கையில் வைத்துச் சூடேற்றிவிட்டு விடுங்கள் என்று முகப்பில் இருந்தவர் வாய்விட்டுச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

நான் மருத்துவரல்ல; "இதையெல்லாம் மருத்துவரிடம் அல்லவா கேட்க வேண்டும்" என்று சிலர் சொல்வார்கள், கேட்கத்தான் வேண்டும். குறிப்பாக, அம்மாவின் செவிப்பறையில் ஓட்டை இல்லை என்று பார்த்துத்தான் இந்த மருந்தைக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். ஜென்டாமைசின், நியோமைசின் வகை மருந்துகள் ஓட்டை வழியாக உட்செவிக்குள் கசிந்தால் கேட்கும் திறனையே கெடுக்கக்கூடும்; அத்தகைய காதுக்கு ஆஃப்லாக்சசின் போன்ற வேறு மருந்துகள் உண்டு. வெதுவெதுப்பாக விட்ட பிறகும் தலை சுற்றினாலோ, காதில் விட்ட மருந்தின் கசப்பு தொண்டையில் தெரிந்தாலோ, அடுத்த வேளைத் துளியை விடாமல் அன்றைக்கே குப்பியுடன் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.