மல்லிப்பூவைப் போட்டால் மெழுகுவத்தி மணக்குமா?

போன இதழில் வீட்டிலேயே வாசனை மெழுகுவத்தி செய்வது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி, 'செய்தேன், சரியாக வரவில்லை' ரகம். எனக்கு அதில் சந்தோஷம்தான். செய்யாமல் கேட்பவர்களைவிடக் கெடுத்துவிட்டுக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது சுலபம். திருச்சியில் ஒரு மகளிர் கல்லூரி கெமிஸ்ட்ரி லேபில் 26 வருடம் உதவியாளராக இருந்து, ரிட்டயர் ஆன பிறகு அடுப்படியில் மெழுகு உருக்க ஆரம்பித்தவள் நான். இதுவரை நான் கெடுத்த மெழுகை எடை போட்டால் ஒரு மூட்டை தேறும்.

வாசகி, திண்டுக்கல்: ஒரு கிலோ சோயா வாக்ஸ் வாங்கி, லாவெண்டர் ஆயில் விட்டு ஆறு கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். மூடியைத் திறந்தால் கமகமவென்று இருக்கிறது. ஏற்றினால் ஒன்றுமே இல்லை. ஆயில் டூப்ளிகேட்டா? இன்னும் கொஞ்சம் கூட விடலாமா?

விடாதீர்கள். ஆயிலைத் திட்டுவதையும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். எவ்வளவு விட்டீர்கள், எந்தச் சூட்டில் விட்டீர்கள், ஊற்றி எத்தனை நாள் கழித்து ஏற்றினீர்கள் என்ற மூன்றும் உங்கள் கடிதத்தில் இல்லை. கோளாறு பெரும்பாலும் அந்த மூன்றில்தான் இருக்கும்.

அளவு: 100 கிராம் சோயா வாக்ஸுக்கு, அதாவது சோயா எண்ணெயிலிருந்து செய்கிற மெழுகுக்கு, 6 முதல் 8 கிராம் ஆயில். மில்லி இல்லை, கிராம். ஆயிலுக்கு ஆயில் கனம் மாறும். ஸ்பூன் கணக்கு, மூடிக் கணக்கு எல்லாம் ரசத்துக்குப் பெருங்காயம் போடுவதோடு நிற்கட்டும். நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். சிலவகை வாக்ஸ் 10 கிராம் வரை தாங்கும். அதற்கு மேல் தாங்காது. ஆரம்பத்தில் நானும் 'கூட விட்டால் கூட மணக்கும்' என்று 100 கிராமுக்கு 20 விட்டேன். மறுநாள் பார்த்தால் மெழுகின் மேலே எண்ணெய் முத்து முத்தாக நிற்கிறது. ஏற்றியதும் ஒரு முழச் சுடர், கரும்புகை. என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

சூடு: மெழுகு உருகிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். சோயா 50 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். அந்தச் சூட்டில் ஆயிலை விட்டால் முழுதாகக் கலக்காமல் திட்டுத் திட்டாக நிற்கும். 80, 85 டிகிரி வரை ஏற்றி அடுப்பை அணைத்துவிட்டு ஆயிலை விடுங்கள். இரண்டு நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து, குமிழி வராமல் மெதுவாகக் கிளறுங்கள். அப்புறம் 60 டிகிரிக்கு இறங்கும்வரை காத்திருந்து ஊற்றுங்கள்.

நாள்: நீங்கள் மறுநாளே ஏற்றியிருப்பீர்கள் என்பது என் ஊகம். சோயா மெழுகுவத்தி ஊறுகாய் மாதிரி. மூடி போட்டு, வெயில் படாத அலமாரியில் பத்து, பதினான்கு நாள் வையுங்கள். உங்களிடம் இருக்கும் ஆறு டம்ளரில் ஒன்றைத்தான் ஏற்றிப் பார்த்தீர்கள் என்றால் மிச்சம் ஐந்தைத் தொடாமல் வையுங்கள். இரண்டு வாரம் கழித்தும் மணக்கவில்லை என்றால் திரி சின்னது என்று அர்த்தம். அதற்குச் சேலம் வாசகிக்குச் சொல்லியிருப்பதைப் படியுங்கள்.

வாசகி, மதுரை: எங்கள் ஊரில் மல்லிக்கா பஞ்சம்? கடையில் விற்கிற ஆயில் எதற்கு, பூவையே உருகிய மெழுகில் போட்டால் என்ன?

ஆசை நியாயமானது. மதுரைக்காரர் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? ஆனால் நடக்காது. பூவில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். 80 டிகிரி மெழுகில் போட்டால் பொரிந்து, பழுப்பாகி, வேகவைத்த கீரை வாசம்தான் வரும். நான் போட்டுப் பார்த்தேன். இரண்டு முழம் பூ வீண்.

மல்லியின் மணம் மொட்டு அவிழும்போது வருவது. அதனால்தான் வாசனைத் தொழிற்சாலைகளில் காலையில் பறித்து வந்த மொட்டு ராத்திரி விரியும்வரை காத்திருந்து அப்புறம் வேலையை ஆரம்பிக்கிறார்கள். அதுவும் ஆவியில் வடிப்பதில்லை. கரைப்பானில் ஊறவைத்து மணத்தை இறக்குவார்கள். முதலில் கிடைப்பதே மெழுகு மாதிரி ஒரு கட்டி. அதை ஆல்கஹாலில் கழுவி எடுத்தால்தான் சுத்தமான சாறு. ஒரு கிலோ சாறுக்குப் பல நூறு கிலோ பூ வேண்டும். அந்த விலைக்கு வாங்கி மெழுகில் எரிப்பது, பட்டுப்புடவையைக் கிழித்துக் கரித்துணி ஆக்குவது மாதிரி. கடையில் 'மல்லி' என்று கிடைப்பது லேபில் சேர்த்த வாசனை. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

காய்ந்த ரோஜா இதழை மேலே தூவி அழகுக்கு வைக்கிறார்களே, அதையும் செய்யாதீர்கள். மெழுகில் நனைந்த காய்ந்த இதழ் என்பது இன்னொரு திரி. எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டு மேல் ஒரே டம்ளரில் நாலு இடத்தில் சுடர் நின்றது ஒரு தீபாவளிக்கு.

வாசகி, சேலம்: நடுவில் கிணறு மாதிரி குழி விழுந்து திரி அதற்குள் மூழ்கி அணைந்துவிடுகிறது. ஓரத்து மெழுகு அப்படியே நிற்கிறது. என்ன செய்ய?

ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். மெழுகுவத்தியை ஊதி அணைத்ததும் வெள்ளையாக ஒரு புகை எழும்பும் இல்லையா? தீக்குச்சியைத் திரிக்குக் கொண்டு போகாமல், ஒரு விரற்கடை மேலேயே அந்தப் புகையில் பிடியுங்கள். சுடர் புகை வழியே குதித்து இறங்கித் திரியில் உட்காரும். லண்டனில் ஃபாரடே என்ற விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டிலேயே பிள்ளைகளுக்குச் செய்து காட்டியது இது. எங்கள் லேபிலும் வருடா வருடம் செய்வோம், முதல் வருடப் பெண்கள் 'ஹோ' என்பார்கள். எரிவது திரி இல்லை, மெழுகின் ஆவி. திரி வெறும் குழாய்: உருகிய மெழுகை மேலே இழுத்துச் சுடருக்கு ஊட்டுகிறது. குழாய் மெல்லிசாக இருந்தால் சுடர் சின்னது, சுடர் சின்னதானால் ஓரம்வரை உருக்கச் சூடு போதாது. குழி விழுவதும் மணம் வராததும் ஒரே கதைதான். வாசனை, உருகி நிற்கும் மெழுகின் பரப்பிலிருந்து எழும்புவது. குளம் சின்னதானால் மணமும் கொஞ்சம்தான்.

உங்கள் டம்ளரின் வாய் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அதற்கு ஏற்ற திரியைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் சொல்வதையும் அப்படியே நம்பாதீர்கள். ஒரே மாதிரி மூன்று டம்ளர், மூன்று தடிமனில் திரி, அடியில் பேனாவால் நம்பர். மூன்றையும் ஏற்றி, ஓரம்வரை எது சரியாக உருகுகிறது என்று நோட்டில் எழுதுங்கள். நுனியில் காளான் மாதிரி கரி கட்டிப் புகைந்தால் அது தடித்த திரி.

முதல் தடவை ஏற்றும்போது அவசரப்படக் கூடாது. ஓரம்வரை உருகும் முன்னே அணைத்தால் அடுத்த தடவையும் அந்த வட்டத்துக்குள்ளேயே எரியும். மூன்று அங்குல வாய்க்கு மூன்று மணி நேரம் ஆகலாம். நாலு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அப்புறம், ஃபேன். மேலே ஃபேன் சுற்றினால் சுடர் ஒரு பக்கமே சாயும், ஒரு ஓரம் உருகி மறு ஓரம் நிற்கும், கண்ணாடியில் கரி படியும். மே மாதம் சேலத்தில் மூன்று மணி நேரம் ஃபேன் இல்லாமல் உட்காரச் சொல்கிறேனே என்று திட்டாதீர்கள். மெழுகுவத்தியை அடுத்த அறையில் வையுங்கள், ஆனால் கண் பார்வையில் இருக்கட்டும்.

வாசகர், ஈரோடு: மெழுகை நேரடியாக அடுப்பில் வைத்தால் சீக்கிரம் உருகுகிறதே. தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் என்பது தேவையா?

தேவை. தண்ணீருக்கு மேல் உட்கார்ந்த பாத்திரம் 100 டிகிரியைத் தாண்டாது. நேரடி அடுப்பில் மெழுகு கொதித்துக் குமிழி விட்டு எச்சரிக்காது. சத்தமில்லாமல் சூடேறி, புகைந்து, பிடித்துக்கொள்ளும். ஒரு போன் கால் எடுக்கிற நேரம் போதும், எனக்கு அப்படித்தான் ஆனது. பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். தண்ணீர் அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரிகிற மெழுகைச் சுவர்வரை வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, பொருந்துகிற மூடியைப் போட்டு மூடுங்கள். நான் உருக்கும்போது மூடி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

மாணவி, காரைக்குடி: கலருக்கு க்ரேயான் போடலாமா?

கூடாது. அதில் இருக்கும் நிறப்பொடி மெழுகில் கரையாமல் திரியை அடைக்கும். மெழுகுவத்திக்கென்று விற்கும் சாயம் கடுகளவு போதும்.

வாசகி, சென்னை: அண்ணா நகரிலிருந்து வேலூருக்கு கூரியரில் அனுப்பினேன். போய்ச் சேரும்போது எல்லாம் பாயசம். வெயில் தாங்க ஏதாவது சேர்க்கலாமா?

சுவாமிமலையில் ஐம்பொன் சிலைக்கு மெழுகு வார்ப்பு செய்யும் ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியப் பிசினும் கடலை எண்ணெயும் சேர்ப்பார்கள். குங்கிலியம் இறுக்கத்துக்கு, எண்ணெய் இளக்கத்துக்கு. நமக்கும் வித்தை அதேதான், பொருள்தான் வேறு. தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். சோயாவில் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் கொஞ்சம் இறுகும். ஆனால் மெழுகு மாறினால் திரியையும் மறுபடி சோதிக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் சேர்க்கச் சொல்லும் குறிப்புகளைக் கண்டால் தாண்டிப் போங்கள். 24, 25 டிகிரியிலேயே இளகுகிற எண்ணெய் அது. மார்கழியில் பாட்டிலுக்குள் உறைவதோடு சரி. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிற பாரஃபின் மெழுகிலும் பல வகை உண்டு, உங்கள் சென்னை மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலிருந்தே வருகிறது. உருகுநிலை கூடுதலான வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு சொன்னாலும், வெயிலில் நிறுத்திய டெலிவரி வண்டியை எந்தக் கலவையும் முழுசாக வெல்லாது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் நான் வெளியூர் ஆர்டர் எடுப்பதில்லை.

வாசகி, கரூர்: மூன்று நாள் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். மாதம் முப்பதாயிரம் சம்பாதிக்கலாம் என்று அங்கே சொன்னார்கள். கடன் வாங்கி ஆரம்பிக்கலாமா?

கடன் வேண்டாம். என் கணக்கைச் சொல்கிறேன். 150 கிராம் மெழுகுவத்தி ஒன்றுக்கு மெழுகு 45 ரூபாய், ஆயில் 30, கண்ணாடி 35, திரி 5, அட்டைப்பெட்டி 20. ஆக 135. விற்பது 300க்கு. லாபம் கொழுத்ததாகத் தெரியும். சோதித்து எரித்தவை, உடைந்த கண்ணாடி, அக்கா தங்கை வீட்டுக்குச் சும்மா கொடுத்தவை எல்லாம் இதில் இல்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை கை ஓயாது, மற்ற மாதங்களில் மாதம் பத்து போனால் பெரிது. முதலில் ஒரே வாசனை, ஒரே அளவு டம்ளர். அதில் ஐம்பது செய்து, தெரியாதவர்களுக்கு விற்றுப் பாருங்கள். சொந்தக்காரர்கள் வாங்குவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மாணவி, பாளையங்கோட்டை: ஏற்றியிருக்கும்வரை நல்ல மணம். ஊதி அணைத்ததும் ஒரு கருகல் நாற்றம் வந்து எல்லாவற்றையும் கெடுக்கிறது.

எங்கள் பாட்டி விளக்கை வாயால் ஊத விடமாட்டாள். 'குளிர வை' என்பாள். ஒரு பூக்காம்பால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிட்டால் சுடர் சத்தமில்லாமல் அடங்கும். மெழுகுவத்திக்கும் அதையே செய். வளைந்த கம்பி ஒன்றால் திரியை உருகிய மெழுகுக்குள் சாய்த்து, சுடர் போனதும் உடனே நிமிர்த்திவிடு. புகையே வராது. திரியும் மெழுகில் நனைந்து நிற்பதால் அடுத்த தடவை ஒரே குச்சியில் பற்றும். ஏற்றும் முன்னே நுனிக் கரியை மட்டும் கிள்ளிவிட்டு, அரை சென்டிமீட்டர் அளவுக்குத் திரியை நறுக்கிக்கொள். கம்பிக்கு எங்கே போவது என்று கேட்காதே, கொண்டை ஊசியை நிமிர்த்தினால் போதும்.