மக்கள் ஓட்டில் ஓவியப் போட்டி: ஜெயித்தவன் சொல்கிறேன்

கேள்வி: எங்கள் நகரத்தில் கடை கடையாக ஓவியங்களை வைத்து, பொதுமக்கள் ஓட்டுப்போட்டு முதல் பரிசு கொடுக்கப்போகிறார்களாம். நடுவர் கிடையாது. முறையாக ஓவியம் கற்றவர்கள் இதில் கலந்துகொள்ளலாமா? நியாயமாக நடக்குமா?

நியாயமாக நடக்காது. ஆனாலும் கலந்துகொள்ளுங்கள்.

தோற்றுப்போன கடுப்பில் இதைச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் கும்பகோணத்தில் இதே மாதிரி நடந்த போட்டியில் முதல் பரிசு வாங்கியவன் நான். பரிசு ஐம்பதாயிரம் ரூபாய். மொத்தம் முப்பத்துநான்கு படங்கள், பத்து நாள், சித்திரை வெயில்.

"முறையாகக் கற்றவர்கள்" என்று நீங்கள் எழுதியிருப்பது கொஞ்சம் குத்தியது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் கல்லூரியில் படித்துவிட்டு இப்போது வேறு ஏதோ வேலை பார்ப்பவராக இருக்க வேண்டும். ஒருமுறை போட்டுத் தோற்றும் இருப்பீர்கள், இல்லாவிட்டால் "நியாயமாக நடக்குமா" என்று யாரும் முன்கூட்டியே கேட்பதில்லை. நான் பத்தாவதோடு நின்றவன். பதினாறு வயதில் போர்டு எழுதும் கடையில் டப்பாவும் பிரஷும் கழுவச் சேர்ந்தேன். நூல் அடிப்பது, கட்டம் போட்டுப் பெரிதாக்குவது, எழுத்துக்கு ஷேடு கொடுப்பது எல்லாம் அங்கே கற்றதுதான். அதுவும் முறைதான் என்பது என் எண்ணம்.

ஓட்டு எனக்குப் புதிது கிடையாது. தேர்தல் வந்தால் காலையில் ஒரு சுவரில் சூரியன், மத்தியானம் எதிர்ச்சுவரில் இரட்டை இலை, இரண்டுக்கும் ஒரே பச்சை டப்பா என்று பிழைத்தவன். எந்தச் சுவருக்கு முன்னால் ஆள் நிற்பான், எதைத் திரும்பிப் பார்க்காமல் போவான் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். இப்போது யோசித்தால், அந்த அறிவில்தான் ஜெயித்திருக்கிறேன். கலையில் ஜெயித்தேனா என்று கேட்டால் சட்டென்று பதில் வரவில்லை.

தலைப்பு காவிரி. எட்டடிக்கு ஆறடி தகரம், பின்னால் ஆங்கிள் பிரேம், எனாமல் பெயிண்ட். ஆடிப்பெருக்கு அன்று படித்துறை. ஆறு நிறையத் தண்ணீர், பெண்கள் காப்பரிசி, காதோலை, கருகமணி வைத்துக் கும்பிடுகிறார்கள், பொடிசுகள் சப்பரம் இழுத்துக்கொண்டு போகிறார்கள். கூட்டத்துக்கு முகம் வேண்டுமே? எனக்குத் தெரிந்த முகம் தெருவில் இருக்கிற முகம். முதலில் தேர்முட்டிப் பக்கம் பூக்கட்டும் அக்காவைப் போட்டேன். பிறகு மினி பஸ் கண்டக்டர், சைக்கிள் கடை பாய், என் தெரு இஸ்திரிக்காரர். இதுவரை எந்தக் கணக்கும் மனதில் இல்லை, சத்தியமாக.

பூக்கட்டும் அக்கா ஒருநாள் பட்டறைப் பக்கம் வந்து பார்த்துவிட்டு, "ஏ தம்பி, இது நானா?" என்று சிரித்துவிட்டுப் போனார். சாயங்காலமே மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று ஒன்பது பேர் வந்து நின்றார்கள். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. அன்றைக்குப் பிறகு போட்ட முகங்களைக் கணக்குப் பார்த்துத்தான் போட்டேன். பெரிய குடும்பமா, கடை வைத்திருக்கிறாரா, வாட்ஸப்பில் ஓயாமல் இருக்கிறவரா என்று பார்த்துப் பார்த்து. மொத்தம் அறுபது முகம். அறுபது முகம் என்றால் அறுபது வீடு.

"முகத்தை வரைந்து ஓட்டு வாங்கினான்" என்று பின்னால் ஒருவர் எழுதினார். எழுதட்டும். கோயிலில் தூணுக்குத் தூண் யார் யாரோ கும்பிட்டபடி நிற்கிறார்களே, படி அளந்தவனைச் சிற்பி அதில் சேர்க்காமலா விட்டிருப்பான்? ஆனால் நான் செய்ததும் அதுவும் ஒன்றா என்று யாராவது மடக்கினால் என்னிடம் பதில் இல்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது இடம். என் படம் சன்னதித் தெருவில் ஒரு காப்பிக் கடை வாசலில் இருந்தது. டிகிரி காப்பிக்கு விடியற்காலையிலிருந்து கூட்டம் நிற்கும் கடை. கோயிலுக்கு வருபவர், பஸ்ஸுக்குப் போகிறவர் எல்லாரும் டம்ளரும் டபராவுமாகப் பத்து நிமிடம் சும்மா நிற்பார்கள். சும்மா நிற்கிறவன் எதையாவது பார்த்துத்தானே ஆக வேண்டும்? எனக்கு அந்தக் கடை எப்படிக் கிடைத்தது? முதலாளி முப்பது வருடப் பழக்கம், அவர் கடைப் போர்டை நான்தான் எழுதினேன். "என் வாசல்ல நம்ம ஆர்ட்டிஸ்ட் படந்தான்" என்று அவர் நடத்துபவர்களிடம் சொல்லிவிட்டார். முடிந்தது.

கவின்கலைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் பாலக்கரைப் பக்கம் ஓர் உரக்கடை கிடைத்தது. அவள் படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே போய்ப் பார்த்தவர்கள் குறைவு. பன்னிரண்டு அடி நீளக் காடாத்துணி. பெயிண்டே கிடையாது. மேட்டூர் ஜனவரி 28-இல் மூடி, ஆறு வற்றிய பிறகு, காவிரிக்குள்ளேயே இறங்கி மணலும் வண்டலும் அள்ளிவந்து, கோந்தில் குழைத்துத் துணியில் பூசியிருந்தாள். ஓரத்தில் வெளிர் மணல், உள்ளே போகப்போகக் கறுத்த வண்டல், நடுவில் வெடிப்பு. மாட்டுக் குளம்புத் தடம் ஒரு வரிசை. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு லாரி டயர்த் தடம். மனிதர் ஒருவர்கூட இல்லை. கிட்டே போனால் ஆற்று வாசனை வந்தது, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யூரியா மூட்டை நெடியையும் மீறி வந்தது.

நான் போனபோது எனக்கு முன்னால் ஒரு மிராசு பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து வாங்க வந்தவர். "காஞ்ச ஆத்தத்தான் தெனம் பாக்குறோமே, இதுக்கு வேற துணியா?" என்று சொல்லிவிட்டுப் பில் போடப் போனார். அவரை ரசனை இல்லாதவர் என்று சொல்லமாட்டேன். ஏப்ரல் மாதத்தில் டெல்டாக்காரன் கண்ணுக்குத் தண்ணீர்தான் வேண்டும். நான் தகரம் நிறைய நீலத்தை ஊற்றி வைத்திருந்தேன், அவள் இல்லாததை இல்லை என்று வரைந்திருந்தாள்.

எனக்கு 1,312 ஓட்டு. அவளுக்கு 57.

என் அக்கா மகன் அமெரிக்காவில் மிச்சிகனில் இருக்கிறான். ரிசல்ட்டைச் சொன்னதும், "மாமா, இங்கே கிராண்ட் ராபிட்ஸ்னு ஒரு ஊர்ல இதையே பெருசா நடத்துறாங்க" என்றான். ஆர்ட்பிரைஸ் என்று பெயர், 2009-இல் ஆரம்பித்தது. கடை, ஹோட்டல், மியூசியம், பாலம் என்று ஊரே படக்கூடம். முதல் பரிசை மக்கள் ஓட்டே தீர்மானித்தது, முதல் வருடம் 2,50,000 டாலர். அந்த வருடம் ஜெயித்தது ஒரு கடல் ஓவியம், அதிலும் தண்ணீர்தான்! 2010-லும் 2012-லும் ஜெயித்தவை பென்சில் படங்கள். பென்சில் என்றதும் நம் ஸ்கூல் நோட்டு அளவு என்று நினைக்காதீர்கள். இரண்டுமே சுவர் அளவு. எங்கள் போர்டுக் கடை முதலாளியின் பால பாடமும் அதுதான், நல்லதோ கெட்டதோ முதலில் பெரிசாக எழுது என்பார்.

அங்கேயும் "ஜனங்களுக்கு என்ன தெரியும்" என்ற சண்டை வந்திருக்கிறது. 2014-இல் மக்கள் ஓட்டுக்கு 2,00,000 டாலர், நடுவர் குழுவுக்கு அதே 2,00,000 டாலர் என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். அந்த வருடம் பார்த்து மக்கள் பரிசு முழுவதையும், நடுவர் பரிசில் பாதியையும் ஒரே படைப்பு வாங்கியது. பாகிஸ்தானில் பிறந்த அனிலா கய்யூம் ஆகா என்ற பெண் செய்தது. மரத்தில் பூவேலைப்பாடு வெட்டிய பெரிய பெட்டி, உள்ளே ஒரே ஒரு விளக்கு, அறையின் சுவர், கூரை, தரை எல்லாம் நிழல்கோலம். மக்கள் உள்ளே நடந்தால் அந்தக் கோலம் அவர்கள் மேலேயும் விழும். படத்தைப் போனில் பார்த்ததும் எனக்கு என் அறுபது முகம் ஞாபகம் வந்தது. அவரும் ஜனங்களைப் படத்துக்குள் கொண்டுவந்துவிட்டார், ஆனால் யார் வீட்டில் எத்தனை ஓட்டு என்று எண்ணாமல்.

ஆகவே "மக்கள் ஓட்டு என்றால் மட்டமானதுதான் ஜெயிக்கும்" என்று பேசுகிற அறிவாளிகள் கொஞ்சம் நிதானிக்கலாம். அதேபோல "மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு" என்று என் படத்துக்கு மாலை போட வருபவர்களும். ஓட்டு என்று வந்தால் சிலர் உடனே சோழர் காலக் குடவோலை முறை என்று ஆரம்பித்துவிடுவார்கள். உத்திரமேரூர் கல்வெட்டில் இருப்பது ஓட்டு இல்லை. நிலம், சொந்த வீடு, வயது, படிப்பு எல்லாம் பார்த்து, கணக்குக் காட்டாதவனைக் கழித்துவிட்டு, மிச்சம் இருப்பவர்களின் பெயரைக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். குலுக்கல். எங்கள் ஊர்ப் போட்டியில் அதைச் செய்திருக்கலாம், ஓட்டுக்கு அல்ல, எந்தப் படம் எந்தக் கடையில் என்பதற்கு. காப்பிக் கடை அந்தப் பெண்ணுக்கும் உரக்கடை எனக்கும் விழுந்திருந்தால்? அப்போதும் நானே ஜெயித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், அறுபது வீடு இருக்கிறதே. ஆனால் அவள் வெறும் 57-இல் நின்றிருக்கமாட்டாள்.

பரிசு விழாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று தெரியும். முப்பத்துநான்கு பேர் கையால் வரைந்த போட்டி. மேடைக்குப் பின்னால் இருபதடி ஃபிளக்ஸ். தலைமை தாங்கியவர் முகம் ஆளுயரத்துக்கு, ஓவியம் ஒன்றுகூட இல்லை. அதில் "மாபெரும் ஓவியப் பேட்டி" என்று அச்சாகியிருந்தது. ஒரு துணைக்காலை முழுங்கிவிட்டார்கள்! என் பெயரிலும் 'ற' போட வேண்டிய இடத்தில் 'ர'. நான் கையால் எழுதிய காலத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் முதலாளி முழுப் போர்டையும் டர்பன்டைன் போட்டுத் துடைக்கச் சொல்வார். இந்த ஃபிளக்ஸ் வந்துதான் எங்கள் ஆட்கள் பாதிப்பேர் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். 2019-இல் சென்னையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்தபோது எங்கும் ஃபிளக்ஸைப் பிடுங்கினார்கள். இனி நமக்கு வேலை வரும் என்று அந்தச் சாவு வீட்டு நேரத்தில் மனதுக்குள் நினைத்தேன், அதற்காக இன்றைக்கும் கூசுகிறது. வேலையும் வரவில்லை. கொஞ்ச நாளில் எல்லாம் பழையபடி.

சரி, கேள்விக்கு வருகிறேன். கலந்துகொள்வதற்கு முன் நடத்துபவர்களிடம் எந்தக் கடை என்று கேளுங்கள். வெயில் படும் வாசலா, உள்ளே மூலையா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஒரு போன் நம்பருக்கு ஒரு ஓட்டா, ஓட்டு எண்ணிக்கை தினமும் வெளியே தெரியுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தெரிந்தால் மூன்றாம் நாளே ஜெயிக்கிற பக்கம் எல்லாரும் சாய்ந்துவிடுவார்கள், எங்கள் ஊரில் அதுதான் நடந்தது. பரிசுக்காக மட்டும் வரையாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நான் பரிசுக்காகத்தான் வரைந்தேன், மகள் கல்லூரிக் கட்டணம் பாக்கி இருந்தது.

அடுத்த வருடமும் போட்டி நடந்தது. பார்த்தால் பாதிப் படங்களில் கூட்டம் கூட்டமாக முகங்கள். ஒன்றில் வார்டு கவுன்சிலர் காவிரித்தாய்க்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். நான் கலந்துகொள்ளவில்லை. அந்தப் பெண் போட்டிருந்தாள், இந்த முறை ஒரு பாத்திரக்கடை, போன தடவைக்குப் பரவாயில்லை. மறுபடியும் துணி, மறுபடியும் மணல், ஆனால் ஓர் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஈரம் பட்டதுபோல் ஒரு கோடு. ரொம்ப நேரம் நின்றேன். பக்கத்தில் ஒட்டியிருந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்து நம்பரையும் போட்டேன். ஓடிபி வரவில்லை. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். கல்லாவில் இருந்த பையன், "சர்வர் பிரச்சினை அண்ணே, நாளைக்கு வாங்க" என்றான்.

மறுநாள் எனக்கு வலங்கைமானில் ஒரு ஸ்கூல் சுவர் வேலை இருந்தது. போக முடியவில்லை.