எங்கள் குடியிருப்பில் பிக்கிள்பால் தொடங்க என்ன வேண்டும்? ஆட்களை எப்படி ஒழுங்குபடுத்துவது?

பிக்கிள்பால் என்பது பிளாஸ்டிக் பந்தை மட்டையால் வலைக்கு மேல் அடித்து ஆடும் ஆட்டம். பேட்மின்டன் கோர்ட் இருந்தால் பாதி வேலை முடிந்தது. 44 அடி நீளம், 20 அடி அகலம் என்று இரட்டையர் கோர்ட்டின் அளவு அப்படியே பொருந்தும். வலையை மட்டும் ஓரத்தில் 36, நடுவில் 34 அங்குலத்துக்கு இறக்க வேண்டும். அப்புறம் வலைக்கு இருபுறமும் 7 அடியில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கும் வலைக்கும் நடுவில் நின்று, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

ஆள் அதிகமென்றால் மட்டைகளை வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். 11 புள்ளி ஆட்டம் முடிந்ததும் நால்வரும் வெளியே, அடுத்த நான்கு மட்டைக்காரர்கள் உள்ளே. ஜெயித்தவர்களே தொடர்ந்து ஆடும் முறை மட்டும் வேண்டவே வேண்டாம்; கற்றுக்கொள்ள வந்தவர்கள் மெல்ல நழுவிவிடுவார்கள். சரி, சத்தம்? பிளாஸ்டிக் பந்து மட்டையில் படும் 'டக் டக்' அக்கம்பக்கத்தாருக்குத் தலைவலிதான். நேரத்தை அவர்களிடம் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள்.