பள்ளி மாணவர்கள் இணையத்தில் பார்க்கத்தக்க அறிவியல் சொற்பொழிவுகளும் செய்முறை விளக்கங்களும் எவை?

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகளுக்குப் பாடநூலுக்கு வெளியே அறிவியலைக் காட்டக்கூடிய இலவசக் காணொளிகள் எவை, அவற்றை எப்படிப் பார்த்தால் பயன் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இயற்பியல் ஆசிரியை என்ற முறையில் என் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது லண்டனில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனின் காணொளிகளைத்தான்.

1799இல் நிறுவப்பட்ட அந்த அமைப்பில் ஆய்வுக்கூடமும் சொற்பொழிவு அரங்கமும் ஒரே கட்டடத்தில் இருந்தன. மைக்கேல் ஃபாரடே 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த இடமும், பொதுமக்கள் முன் நின்று சோதனைகளைச் செய்து காட்டிய இடமும் அதுவே. நம் ஜகதீஷ் சந்திர போஸ் தம் மின்காந்த அலை ஆய்வுகளை 1897இல் அங்கேதான் விளக்கினார். இளையோருக்கென 1825இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சில ஆண்டுகள் தடைபட்டதைத் தவிர, இன்றுவரை தொடர்கின்றன. அவற்றுள் பத்தொன்பது தொடர்களை ஃபாரடே ஒருவரே நிகழ்த்தினார். 1966 முதல் அவை தொலைக்காட்சியில் ஆண்டுதோறும் ஒளிபரப்பாகி வருவதால், பழைய தொடர்கள் பலவற்றை இன்று இணையத்தில் பார்க்க முடிகிறது.

அவற்றுள் 1977இல் அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன் கோள்களைப் பற்றி நிகழ்த்திய ஆறு சொற்பொழிவுகளை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். வைக்கிங் விண்கலங்கள் செவ்வாயில் இறங்கி ஓராண்டுக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. ஆறில் மூன்று சொற்பொழிவுகளை அவர் செவ்வாய்க்கே ஒதுக்கினார். கடைசிச் சொற்பொழிவு சூரியக் குடும்பத்துக்கு அப்பாலுள்ள கோள்களைப் பற்றியது. அத்தகைய கோள் ஒன்றுகூட அன்று உறுதிசெய்யப்பட்டிருக்கவில்லை. 1990களில்தான் அது நிகழ்ந்தது. அறிவியல் தனக்குத் தெரியாததை எவ்வளவு துணிவோடும் ஒழுங்கோடும் பேசுகிறது என்பதை மாணவர்கள் அங்கே காணலாம். முடிந்த முடிவுகளை மட்டுமே தரும் பாடநூலில் இதற்கு இடமில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

குறுகிய காணொளிகளில், மிகுந்த குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்தியைப் பற்றியதை அவசியம் காட்டுங்கள். அரைச்சுற்று முறுக்கி முனைகளை இணைத்த மோபியஸ் பட்டையின் வடிவில் காந்தங்களை அடுக்கித் தடம் ஒன்றை அமைத்திருப்பார்கள். திரவ நைட்ரஜனில் குளிர்விக்கப்பட்ட மீக்கடத்தி, தடத்தின் மேலே மிதந்து ஓடுவதோடு, முறுக்கைக் கடந்ததும் தடத்துக்குக் கீழே தொங்கியபடியும் விழாமல் ஓடும். யிட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு என்னும் அப்பொருள் ஏறத்தாழ −180 டிகிரி செல்சியசுக்குக் கீழே மீக்கடத்தியாகிறது. திரவ நைட்ரஜனின் கொதிநிலை −196 டிகிரி என்பதால் அதுவே போதுமானதாகிறது. காந்தப்புலக் கோடுகள் பொருளின் உள்ளே இருக்கும் நுண்ணிய குறைபாடுகளில் சிக்கிக்கொள்வதால், தடத்திலிருந்து விலகவும் முடியாமல் அதை நெருங்கவும் முடியாமல் அது ஒரே தொலைவில் நிலைபெறுகிறது. தடத்தின் நெடுகப் புலம் ஏறக்குறைய மாறாதிருப்பதால், அந்தத் திசையில் மட்டும் தடையின்றி நகர்கிறது. பொருள் சூடேறி வரும்போது என்ன நடக்கும் என்று உங்கள் மகளிடம் கேளுங்கள்.

அப்படிக் கேட்பதுதான் முக்கியம். செய்முறை தொடங்கும் தறுவாயில் காணொளியை நிறுத்தி, என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று அவரை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள், பிறகு தொடருங்கள். முன்கூட்டி ஊகிக்காமல் பார்க்கும் சோதனை, எவ்வளவு அழகாக இருந்தாலும், மறுநாளே மறந்துபோவதை வகுப்பறையில் தொடர்ந்து பார்த்து வருகிறேன். வெடிப்பையும் வண்ணப் புகையையும் காட்டிவிட்டுக் காரணத்தைச் சொல்லாமல் முடியும் காணொளிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டுமானால், எளிய பொருள்களால் அறிவியல் பொம்மைகள் செய்யும் அர்விந்த் குப்தாவின் குறும்படங்கள் சிறந்தவை. அவற்றுள் தமிழில் குரல் கொடுக்கப்பட்டவையும் உள்ளன. உறிஞ்சுகுழலின் ஒரு முனையைத் தட்டையாக்கிக் கூராக வெட்டி ஊதினால் நாதசுரச் சீவாளிபோல் அது அதிர்ந்து ஒலிக்கும். ஊதிக்கொண்டே மறுமுனையைக் கத்தரிக்கோலால் சிறிது சிறிதாக வெட்டினால், காற்றுத்தம்பத்தின் நீளம் குறையக் குறைய ஒலியின் சுருதி ஏறுவதைக் காதாலேயே அறியலாம். திரவ நைட்ரஜன் போன்றவற்றைத் திரையில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ராயல் இன்ஸ்டிடியூஷனின் சொற்பொழிவுகள் ஆங்கிலத்தில் இருப்பதால் தொடக்கத்தில் சற்றுக் கடினமாக இருக்கலாம். ஆங்கில வசன வரிகளை இயக்கி, வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்து, ஒருமணி நேரச் சொற்பொழிவை இரண்டு மூன்று அமர்வுகளாகப் பிரித்துப் பார்க்கலாம். நீங்களும் உடன் அமர்ந்து பார்த்தால், உங்கள் மகள் இடையில் கேட்கும் கேள்விகளை அப்போதே பேசிவிட முடியும்.