மெத்தியோனின் எங்கே? – கடிதம்

வணக்கம் சார்,

தொண்டிப் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூ உயிரியல் நடத்துகிறேன். ‘நம் செல்லில் புரதம் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில்தான் தொடங்கும்’ என்று சொல்லிக்கொடுத்த மறுவாரமே கதிர் அரிவாள் சோகை பாடம். அந்த நோயில் மாறும் ரத்தப் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியை, அமினோ அமில வரிசையாகப் பலகையில் எழுதினேன்: வேலின், ஹிஸ்டிடின், லூசின்... “டீச்சர், மெத்தியோனின் எங்கே?” என்றாள் ஒரு பிள்ளை. நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்து வந்துவிட்டேன். என்ன சொல்ல?

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் நடத்திய இரண்டும் சரி. மெத்தியோனினில்தான் தொடங்குகிறது. சங்கிலி முடிவதற்குள் அது வெட்டுப்பட்டுவிடுகிறது.

தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மடி இன்னும் கடலுக்குள் கிடக்கும். இங்கே கரையில் ஒருவர், வந்தவரைக்கும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருப்பார். செல்லில் அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்யும் ரைபோசோமிலும் அதுதான் நடக்கிறது. ரைபோசோமுக்குப் பெரியதும் சிறியதுமாக இரண்டு துணை அலகுகள்; புதுச் சங்கிலி பெரிய துணை அலகிலுள்ள குறுகிய சுரங்கம் வழியாக வெளியே வருகிறது. (நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009இல் நோபல் பெற்றது சிறிய துணை அலகை ஆராய்ந்து. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.) சுரங்கத்துக்குள் 30, 40 அமினோ அமிலங்கள் அடங்கும். பீட்டா சங்கிலிக்கு மொத்தம் 147. ஆக, நுனி வெளியே தலைகாட்டும்போது நூறுக்கு மேல் பாக்கி இருக்கிறது. வினாடிக்கு ஐந்தாறு வீதம் சேர்ந்தால் முழு வேலைக்கும் அரை நிமிடம்தான். அதற்குள் மெத்தியோனின் அமினோபெப்டிடேஸ் என்ற நொதி வந்து முதல் அமிலத்தை நறுக்கிவிடுகிறது.

எல்லாச் சங்கிலியிலும் நறுக்காது. இரண்டாவதாக நிற்பது கிளைசின், அலனின், செரின், வேலின் போலச் சின்ன அமிலமாக இருக்க வேண்டும். லைசின் மாதிரி நீண்டதாக இருந்தால் விட்டுவிடும். நாலைந்து வரிசைகளைப் பலகையில் எழுதி ‘நிற்குமா, போகுமா’ என்று கேட்டுப் பாருங்கள், பின்பெஞ்சும் கை தூக்கும்.

வெட்டியதோடு முடிவதில்லை. மனிதப் புரதங்களில் பெரும்பாலானவற்றின் நுனியில் இன்னொரு நொதி அசிட்டைல் என்ற சிறு வேதித் தொகுதியை ஒட்டுகிறது. சிலவற்றில், வெட்டியபின் வெளிப்படும் கிளைசினில் ஒரு கொழுப்பு அமிலம் ஏறுகிறது; மெத்தியோனின் போகாமல் அது ஏறவே முடியாது. சரி, இத்தனை நொதிகளும் சின்னச் சுரங்க வாயில் முட்டிமோதாதா? அங்கே நாக் (NAC) என்றொரு புரதக் கூட்டு நிற்கிறது. வெட்டும் நொதியை வாயிலுக்குக் கொண்டுவந்து நிறுத்துவது அதுதான் என்று 2023இல் தெரியவந்தது. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த ஆள் இந்த நாக்தான், புத்தகங்களில் அதற்கு இடமே கிடைப்பதில்லை.

பீட்டா சங்கிலியில் முதலில் வரும் வேலின், இப்படி எதுவும் ஒட்டாமல் பெரும்பாலும் மொட்டையாகவே நிற்கிறது. அந்த மொட்டை நுனியில்தான், எந்த நொதியும் இல்லாமல், ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் போய் ஒட்டுகிறது. நம் ஊரில் ‘மூணு மாச சுகர்’ என்று எடுக்கிறார்களே, அந்த டெஸ்ட் அளப்பது இதைத்தான். சிவப்பணு 120 நாள் போல வாழ்வதால் மூன்று மாதக் கணக்கு.

அப்புறம், அந்தப் பிள்ளை அடுத்து கேட்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். கதிர் அரிவாள் சோகையில் மாறுவது 6ஆவது அமிலம் என்று பாடத்தில் இருக்கும், இப்போதைய மரபணு அறிக்கையில் 7 என்று இருக்கும். வெட்டியபின் எண்ணினால் 6, மெத்தியோனினையும் சேர்த்தால் 7.